ஜப்பான் போனும் விதுஷாவின் தங்க ஸ்டிக்கரும்

நான் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அன்று விதுஷா எனக்குப் புதிய போன் ஒன்றைப் பரிசாகத் தந்தாள். பாரிசில் எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் அவளுடைய அப்பா பரா அண்ணை தொடங்கிய போன் கடையை இப்போது அவள்தான் நடத்துகிறாள். அந்தக் கடையின் பின்மேசையில் குனிந்திருந்து போன் திருத்தியே என் முதுகு வளைந்தது.

"தொந்தோன், பழசைத் தாங்கோ. எல்லாத்தையும் இதுக்குள்ளை மாத்தித் தாறன்" என்று கையை நீட்டினாள். சித்தப்பா, பெரியப்பா, மாமா, கடையில் வேலை செய்த நான், எல்லோருக்கும் இந்தப் பிள்ளைகளிடம் இருப்பது அந்த ஒரு பிரெஞ்சுச் சொல்தான்.

நான் பழைய போனைக் காற்சட்டைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினேன்.

"இதுக்குள்ளை கொப்பர் எனக்கு விட்ட வொய்ஸ் மெசேஜ் ஒண்டு கிடக்கு பிள்ளை. மாத்தேக்கை அது துலைஞ்சு போச்செண்டால்?"

"பப்பா உயிரோடைதானே இருக்கிறார்! பொபினி வீட்டிலை இருந்து காலமை பின்னேரம் எண்டில்லாமல் எடுத்துக் கத்திறார். அதுக்கு மேலை ரெக்கோர்ட் பண்ணினதும் வேணுமோ உங்களுக்கு?"

நியாயமான கேள்விதான். ஆனால் என் பயம் நியாயம் கேட்டு வருவதில்லை. நான் திருத்தித் திருத்தி ஓட்டிய அந்தப் போனுக்குள் சில விநாடிக் குரல் ஒன்று இருக்கிறது. அது போய்விடுமோ என்று நான் பயந்தேன். அவ்வளவுதான். விதுஷா பெருமூச்சு விட்டாள். "சரி, எங்கடை கடைக்காரர் சங்க மலருக்கு உங்கடை வேலை அனுபவத்தை எழுதித் தாங்கோ. இப்ப வாற ஆக்களுக்குத் திருத்தத் தெரியாது, பெட்டியோடை மாத்தத்தான் தெரியும். எழுதிக் குடுத்தால் நான் கவனமா மாத்தித் தாறன். ஆனா லெ ஜப்போன், நோன்! ஜப்பான் கதை மட்டும் வேண்டாம்."

எனக்கு இருப்பது அந்த ஒரு கதைதான். மன்னித்துக்கொள் பிள்ளை.

என் பயிற்சிக் காலத்தைச் சொல்ல அதிகம் இல்லை. ஊரில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் உறவு முறிந்தது. பாரிசுக்கு வந்து கோப்பை கழுவினேன், மரக்கறிப் பெட்டி சுமந்தேன், பிறகு பரா அண்ணையின் கடையில் ஒதுங்கினேன். அவர் எறியச் சொன்ன செத்த போன்களைத் திறந்து பார்த்துப் பழகினேன். எனக்குக் கற்றுத் தந்தது மூளை அல்ல, நடுக்கம். ஒரு போனைத் திறக்குமுன் அதன் உருவத்தை வெள்ளைத் தாளில் கீறுவேன். கழற்றும் ஒவ்வொரு திருகாணியையும் அது இருந்த அதே இடத்தில் தாளில் ஒட்டி வைப்பேன். மூடும்போது ஒரு ஆணி மிஞ்சினால் அன்று எனக்குச் சோறு இறங்காது. மற்றக் கடைகளில் ஆணி மிஞ்சினால் தேநீர்க் கோப்பைக்குள் போட்டுவிட்டுப் போவார்கள். எங்கள் கடையின் நல்ல பெயர் என் வயிற்று எரிச்சலால் வந்தது.

பரா அண்ணைக்கு வயிறு எரிந்ததே கிடையாது. கோடையிலும் கோட்டுப் போடுவார். கேள்வியும் அவரே கேட்பார், பதிலும் அவரே சொல்வார். "இந்த ரோட்டிலை நாளைக்கு என்ன விக்கப்போறாங்கள்? எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்." சந்தோஷமாக இருந்தால் என்னை "டேய்" என்பார். கோபம் வந்தால் மரியாதை வந்துவிடும். "ராசன், நீங்கள் இதைக் கொஞ்சம் பாருங்கோ" என்றாரானால் எனக்குக் குடல் தண்ணீராகும்.

2009இல் அவருக்கு ஜப்பான் பிடித்தது. பேய் பிடித்தது என்று சொல்வதுபோலத்தான் சொல்கிறேன். யாரோ ஒரு சிங்கப்பூர்த் தரகர் ஒரு வீடியோவைக் காட்டியிருக்கிறார். அதில் ஜப்பான்காரர்கள் மடிக்கிற போனால் ரயில் நிலைய வாசலைத் திறக்கிறார்கள், குளிர்பானம் வாங்குகிறார்கள், சுவரொட்டியில் உள்ள கறுப்பு வெள்ளைச் சதுரத்தைப் படம் பிடித்து விபரம் படிக்கிறார்கள், ரயிலில் நின்றபடி டிவி பார்க்கிறார்கள். ஒருவருக்கொருவர் சிரிக்கிற முகம், அழுகிற முகம் என்று குட்டிப் படங்கள் அனுப்புகிறார்கள்.

"டேய் ராசன், ஜப்பான்காரன் எங்களுக்குப் பத்து வருசம் முன்னாலை நிக்கிறான். உலகம் முழுக்க இதுதான் வரப்போகுது. லா ஷப்பலிலை முதல் ஆர் கொண்டுவாறது? நான்."

"இஞ்சத்தை சிம் வேலை செய்யுமோ அண்ணை?"

"உனக்கு எப்ப பாத்தாலும் ஒரு பயம்."

பெட்டிகள் வந்தன. எல்லாம் ஒரே மொடல், முத்து வெள்ளை நிறம், மடிக்கும்போது நகை டப்பா மூடுவதுபோல மெத்தென்ற சத்தம். இவ்வளவு அழகான போனை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. சிம்மைப் போட்டேன். ஏற்கவில்லை. அந்தக் காலத்தில் போனின் நிறுவனப் பூட்டைத் திறப்பதற்குச் சிம்மின் கீழே செருகும் மெல்லிய தகடு ஒன்று இருந்தது. அதையும் செருகினேன். பூட்டுத் திறக்கும் ரகசிய நம்பர்களை அடித்தேன். அந்தப் போன் என்னை மரியாதையாக, ஆனால் உறுதியாக மறுத்தது. அது தன் நாட்டு நிறுவனத்துக்குக் கழுத்து நீட்டிய பெண்பிள்ளை. வேறு யாரையும் ஏறிட்டுப் பார்க்காது.

டிவி ஏரியலை இழுத்தோம். வெறும் நீலத் திரை. பரா அண்ணை விடுவதாக இல்லை. பக்கத்துப் புடவைக் கடைக்காரர், பேக்கரிக்காரர் எல்லோரையும் கூட்டிக்கொண்டு லா ஷப்பல் மெட்ரோவுக்குப் போனார். வாசல் இயந்திரத்தில் போனை வைத்தார். திறக்கவில்லை. திருப்பி வைத்தார். மடித்து வைத்தார். பின்னால் வரிசை நீண்டது. டிக்கெட் பரிசோதகர் ஒருவர் வந்து சிறிது நேரம் பார்த்துவிட்டு, நோயாளியோடு பேசுவது போன்ற குரலில், "மிசியு, அது டெலிபோன்" என்றார்.

திரும்பி வரும்போது அண்ணை என்னிடம், "ராசன், நீங்கள் இந்தப் பெட்டியளைக் கீழை நிலவறைக்குள்ளை வையுங்கோ" என்றார். அந்த 'நீங்கள்' இரண்டு கிழமைக்கு நீடித்தது.

அடுத்த வருடம் விதுஷா பெரியபிள்ளையாகி, அவளுடைய சாமத்திய வீடு வந்தது. ஓல்னேயில் மண்டபம், குதிரை வண்டி, உயரக் கிரேனில் நின்று படம் எடுப்பதற்கு ஒரு ஆள். வருகிறவர்களுக்கு என்ன கொடுத்து அனுப்புவது என்று அண்ணையின் மனைவி மலர் அக்கா கேட்டபோது அண்ணையின் முகம் மலர்ந்தது.

"எல்லாரும் குங்குமச் சிமிழ் குடுக்கிறாங்கள். நான் ஜப்பான் டெக்னோலொஜி குடுக்கப்போறன்."

"கதைக்க ஏலாத போனை என்னண்டப்பா குடுக்கிறது?" என்றார் அக்கா.

"படம் எடுக்கலாம். அலாரம் வைக்கலாம். தண்ணிக்குள்ளை போட்டாலும் ஒண்டும் செய்யாது. குங்குமச் சிமிழ் அலாரம் அடிக்குமோ?"

அப்படியாக ஒவ்வொரு போனின் மூடியிலும், பட்டுச்சேலையில் விதுஷா கைகூப்பிச் சிரிக்கும் தங்கநிற வட்ட ஸ்டிக்கர் ஒட்டப்பட்டது. ஒட்டியவன் நான். கோணலாக ஒட்டிவிடுவேனோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டினேன். ஜப்பானின் கைத்தொலைபேசித் தொழில் உலகத்துக்குள் இறங்கிய விதம் எங்கள் பகுதியில் இதுதான்.

நான் சொல்ல வந்த கேஸ் அதற்குச் சில வருடங்கள் கழித்து வந்தது. ஒருநாள் காலை மன்னார்க்காரன் யூட், கறி பட்ட ஏப்ரனோடு கடைக்குள் ஓடிவந்தான். ஒப்பெரா பக்கம் ஒரு ஜப்பானிய நூடில்ஸ் கடையில் அவன் சமையல். அவனுக்குப் பின்னால் ஒரு ஜப்பானியப் பெண்மணி, அறுபது வயதிருக்கும், கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். அவனுடைய முதலாளி, மதாம் ஹருமி.

யூட் ஒரு பிளாஸ்டிக் பையை மேசையில் வைத்தான். உள்ளே அண்ணை பரிசு கொடுத்த போன் ஒன்று. விதுஷாவின் முகத்தில் பன்றிக் கொழுப்பு உறைந்திருந்தது.

"என்னடா செய்தனி?" என்று கேட்டேன்.

"பரா அண்ணைதானே சொன்னவர், தண்ணிக்குள்ளை போட்டாலும் ஒண்டும் செய்யாதெண்டு! குசினியிலை அலாரத்துக்கு வச்சிருந்தனான். மதாம் இதைக் கண்டிட்டு, இது தன்ரை போனெல்லோ எண்டு கேட்டவ. நான் பெருமையிலை, பாருங்கோ மதாம் எண்டு சூப் பானைக்குள்ளை போட்டனான்."

"கொதிக்கிற சூப்புக்குள்ளையோ?"

"தண்ணி எண்டால் தண்ணிதானே அண்ணே!"

மதாம் ஹருமி கைப்பையைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றிய ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். அதே மொடல், அதே முத்து வெள்ளை. அவர் ஒசாக்காவிலிருந்து கொண்டுவந்தது. அவர் பிரெஞ்சில் மெதுவாகச் சொல்ல, எனக்குப் பிடிபடாததை யூட் தமிழில் சொன்னான். ஜப்பானில் அந்தப் போனை எடுக்காவிட்டால், அழைத்தவரின் குரலைப் போனே தன் வயிற்றுக்குள் பதிந்து வைக்கும். அதற்குள் அவருடைய கணவரின் குரல் இருந்தது. அந்த நூடில்ஸ் கடையைத் தொடங்கியவர் அவர்தான். இறந்துவிட்டார். மதாம் ஒவ்வொரு நாளும் கடை திறக்குமுன் போனை விரித்து, கேட்டு, மடித்து வைப்பார். போன கிழமையிலிருந்து திரையும் இல்லை, சத்தமும் இல்லை.

எனக்கு உடனே விளங்கியது. மடிக்கிற போனின் பிணைச்சலுக்குள், கீழ்ப்பாதியிலிருந்து மேல்பாதிக்கு ஒரு மெல்லிய நாடா போகிறது. பிரெஞ்சில் நாங்கள் அதை நாப் என்போம். திரையும் காதுச் சத்தமும் அதன் வழியாகத்தான் போகும். விரித்து மடித்து விரித்து மடித்து அது அறுந்திருந்தது. கேட்டுக் கேட்டே அவர் அந்தக் குரலைச் சாத்திவிட்டிருந்தார். இதை அவரிடம் நான் சொல்லவில்லை.

குரல் கீழ்ப்பாதியில் பத்திரமாக இருந்தது. வேண்டியது அதே மொடலின் மேல்பாதி ஒன்று. சூப்புப் போனைத் திறந்து பார்த்தேன். நாடா கொப்பளித்துப் பிரிந்து கிடந்தது, நூடில்ஸ்தான். மற்றவை எல்லாம் எங்கே? ஒன்று விடாமல் அண்ணை கொடுத்து முடித்திருந்தார்.

"அண்ணை, வந்த சனத்திட்டை ஒண்டைத் திருப்பிக் கேட்டால்..."

"ராசன், நீங்கள் என்ன சொல்லுறீங்கள்? பிள்ளையின்ரை சாமத்திய வீட்டிலை குடுத்த சாமானைத் திருப்பிக் கேக்கிறதோ? சனம் என்ன கதைக்கும்? பரா முறிஞ்சு போனான் எண்டு கதைக்கும்."

ஆனால் மதாம் கதிரையை விட்டு எழும்பாமல் இருந்தார். அண்ணை அவரைப் பார்த்தார், கோட்டைச் சரிசெய்தார், பிறகு தானே கேள்வி கேட்டுத் தானே பதில் சொன்னார். "திருப்பிக் கேக்கிறமோ? இல்லை. இலவச அப்டேட். ஜப்பானிலை இருந்து வந்திருக்கு. போனைக் கொண்டுவாங்கோ, செய்து தாறம். அவ்வளவுதானே?"

சொந்தக்காரர் எல்லோருக்கும் செய்தி போனது. போன்கள் வரவில்லை, வியாக்கியானங்கள் வந்தன. பிள்ளை போட்டு உடைத்துவிட்டது. ஊருக்கு அனுப்பிவிட்டோம். கண்ணாடிபோல இருக்கிறதென்று கைப்பையில் வைத்திருந்தேன், மெட்ரோவில் களவு போய்விட்டது. ஓல்னேயிலிருந்து ஒரு மாமி போனின் பெட்டியை மட்டும் கொண்டுவந்து, "இதுக்குள்ளை தோடு வைக்க நல்ல வசதி. இதுக்கும் அப்டேட் இருக்கோ தம்பி?" என்று கேட்டார்.

அந்த நாட்களில் மதாம் தினமும் மதியத்துக்குப் பிறகு வந்து உட்காருவார். நான் அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுப்பேன். ஒருநாள் என் நெடுநாள் சந்தேகத்தைக் கேட்டேன்: இவ்வளவு கெட்டிக்காரப் போனை ஏன் உலகத்துக்கு விற்கவில்லை? அவர் சிரித்தார். ஜப்பானில் நிறுவனம் சொன்னதைத் தொழிற்சாலை செய்தது. அந்த நிறுவனத்துக்கென்றே ஒரு இன்டர்நெட், அதற்கென்றே கடைகள், பாட்டுகள், படங்கள். எல்லாம் உள்ளே ஒன்றுக்கொன்று அச்சொட்டாகப் பொருந்தியது, அதனால் யாரும் வெளியே எட்டிப்பார்க்கவில்லை. வேறெங்கும் இல்லாத விலங்குகள் வளரும் ஒரு தீவுக்கூட்டம் இருக்கிறதே, கலாபகோஸ், அதன் பெயரைத்தான் அந்தப் போன்களுக்கு ஜப்பானியர்களே வைத்திருக்கிறார்களாம்.

நான் கடைக்கு வெளியே பார்த்தேன். எங்கள் தெருவில் புடவை, முருங்கைக்காய், சாதகம், கலியாண வீடியோ, செத்தவீட்டு அறிவித்தல் எல்லாம் கிடைக்கும். ஒன்றுக்கொன்று அச்சொட்டாகப் பொருந்தும். கார் து நோர் ரயில் நிலையத்தைத் தாண்டினால் ஒருவருக்கும் எங்களைத் தெரியாது. எங்களுடைய மிகப்பெரிய தொழிலதிபர் செய்த உலக வர்த்தகம், கதைக்க முடியாத போனில் மகளின் படத்தை ஒட்டி மைத்துனருக்குக் கொடுத்தது. நான் யாரைப் பார்த்துச் சிரிப்பது?

அந்த யோசனையை மலர் அக்கா கலைத்தார். கையில் ஒரு சிவப்புப் பொட்டலத்தோடு கடைக்குள் நுழைந்தார். முதல்நாள் கூசேன்வில்லில் ஒரு புது வீட்டுக் குடிபூரலுக்குப் போய்வந்தவர்.

"இஞ்சை பாருங்கோப்பா, உங்கடை மச்சாள் எனக்கு என்ன தந்து விட்டிருக்கிறா எண்டு."

புதிய ரிப்பன், புதிய தாள். உள்ளே முத்து வெள்ளை. மூடியில் தங்க ஸ்டிக்கரை யாரோ நகத்தால் சுரண்டிப் பார்த்துப் பாதியில் களைத்திருந்தார்கள். விதுஷாவின் ஒரு கண்ணும் கூப்பிய கைகளும் மிச்சம் இருந்தன.

அண்ணை அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ரை போனை... எனக்கே..."

"விரிச்சுக்கூடப் பாக்கேல்லை அண்ணை! திரையிலை ஒட்டின தாளும் கிழியேல்லை!" என்று நான் கத்தினேன். அவருடைய மானம் போன அதே கணத்தில் எனக்கு உயிர் வந்தது. அவர் என்னை முறைத்தார். பிறகு மதாமைப் பார்த்தார். போனை எடுத்து என் மேசையில் வைத்தார்.

"டேய், செய்."

தாளில் போனைக் கீறினேன். சுவரோரச் சூட்டுக் குழாயைத் தொட்டு உடம்பில் உள்ள மின்சாரத்தை இறக்கினேன். தலைமயிர் காயவைக்கும் மெஷினால் மூடியோரத்தைச் சூடாக்கினேன். பசை இளகும் அளவு, பிளாஸ்டிக் வளையாத அளவு. ஆணிகளை மறைத்திருக்கும் குட்டி ரப்பர் மூடிகளை ஊசியால் கிளப்பி, தாளில் அவற்றின் இடத்தில் ஒட்டினேன். முதலில் புதிய போனைத் திறந்தேன், கை பழகுவதற்காக. அதன் மேல்பாதியை நாடாவோடு சேர்த்து, பிணைச்சல் துளையால் சுருட்டி உருவினேன். பிறகுதான் மதாமின் போன். அதன் கீழ்ப்பாதியில் என் திருப்புளி ஒரு தடவை வழுக்கினால் ஒரு மனிதர் இரண்டாம் முறை சாவார். வியர்வை போனில் விழாதிருக்க நெற்றியில் துண்டு கட்டியிருந்தேன். அண்ணை விளக்குப் பிடித்தார்.

நாடாவின் முனையை அதன் இருக்கையில் வைத்து நகத்தால் அழுத்தினேன். டிக். மூடினேன். தாளில் ஒரு ஆணியும் மிஞ்சவில்லை.

மதாம் பொத்தானை அழுத்தினார். திரை எரிந்தது. அவருடைய விரல் பார்க்காமலே வழி கண்டு போனது. சின்னக் குரல் ஒன்று, அவசரமாக, மூச்சு வாங்கியபடி. நாங்கள் எல்லோரும் தலை குனிந்து நின்றோம். காதல் வசனமோ கடைசி வார்த்தையோ என்று நினைத்தேன்.

மதாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணீர் அதன் பிறகுதான் வந்தது. அவர் சொன்னதை யூட் எங்களுக்குச் சொன்னான்.

"கதவைப் பூட்டினனோ எண்டு ஞாபகம் இல்லையாம். ரயில் ஏறிட்டாராம். நீ ஒருக்காப் போய்ப் பார் எண்டு சொல்லுறார்."

அதே குரலில் இரண்டாவது பதிவு வந்தது.

"அடுத்த ஸ்டேசனிலை இறங்கித் திரும்பி வந்திட்டாராம். பூட்டித்தான் கிடக்காம். கோவிக்காதை எண்டுறார்."

பரா அண்ணை மெதுவாக என் பக்கம் திரும்பினார். "டேய், உன்னைப்போல ஒருத்தன் அங்கையும் இருந்திருக்கிறான்."

இதை விளக்க வேண்டும். ஒவ்வொரு பின்னேரமும் கடையின் ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு மெட்ரோப் படி வரைக்கும் போவேன், பூட்டினேனோ என்று சந்தேகம் வரும், திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். தெருவே அதைப் பார்த்துச் சிரிக்கும். அண்ணை பேக்கரி வாசலில் கோப்பியோடு நின்று, "வாறான், வாறான்" என்று வர்ணனை செய்வார்.

நான் அந்தக் குரல்களை மதாம் தினமும் பாவிக்கும் மற்றப் போனிலும் பதிந்து கொடுத்தேன். பழையதை இனி மடிக்காமல் விரித்தே வையுங்கள் என்றேன். ஸ்டிக்கரைச் சுரண்டித் தரட்டுமா என்று கேட்டேன். மதாம் வேண்டாமென்று தலையாட்டினார், இந்தப் பிள்ளைக்கும் நன்றி சொல்ல வேண்டும் என்றார். ஆகவே விதுஷா, உனக்கு இது தெரியாது: ஒப்பெரா பக்கம் ஒரு நூடில்ஸ் கடையின் கல்லாவுக்குப் பின்னால், ஒற்றைக் கண்ணோடும் கூப்பிய கைகளோடும் நீ நிற்கிறாய். சாப்பிட வருகிறவர்கள் அது ஏதோ தெய்வம் என்று நினைக்கிறார்கள்.

இன்று சதுரக் குறியைப் படம் பிடிக்காமல் சாப்பாட்டுக் கடையில் மெனு பார்க்க முடியாது. மெட்ரோ வாசல் போனுக்குத் திறக்கிறது. மஞ்சள் முகங்களை என் தமக்கையே அனுப்புகிறார், செத்தவீட்டு அறிவித்தலுக்கும் சேர்த்து. அண்ணை சொன்னதெல்லாம் வந்தது, அவர் வாங்கிய போனைத் தவிர. "நான் அப்பவே சொன்னனான்" என்று பொபினியிலிருந்து அவர் கத்துவது இதைத்தான்.

மதாமின் போனைத் திருத்திய அன்று பின்னேரம் ஷட்டரைப் பூட்டிவிட்டு மெட்ரோப் படிக்கு வந்தேன். பூட்டினேனோ என்று சந்தேகம் வந்தது. திரும்பிப் போகக் கால் எடுத்தபோது போன் சிணுங்கியது. அண்ணையின் குரல் மெசேஜ். முதலில் இரும்பு அதிரும் சத்தம், யாரோ ஷட்டரைப் பிடித்து இழுத்து உலுக்குவது. பிறகு அவர்.

"டேய் ராசன், நான் கடையடியிலை நிக்கிறன். பூட்டித்தான் கிடக்கு. இழுத்தும் பாத்திட்டன், கேட்டனிதானே? திரும்பி வராதை. வீட்டை போ."

நான் திரும்பிப் போகவில்லை. அப்படி ஒரு பின்னேரம் அதற்கு முன் எனக்கு இருந்ததில்லை.

இதை எழுதி விதுஷாவிடம் கொடுத்தேன். படித்தாள், ஒற்றைக் கண் வரும் இடத்தில் "ஓ நோன்" என்று மேசையில் தலையை முட்டினாள். பிறகு என் பழைய போனை வாங்கி, மாற்றி, இரண்டையும் திருப்பித் தந்தாள்.

"புதுசுக்குள்ளை போயிட்டுது தொந்தோன். ரெண்டிலையும் இருக்கு. பயப்பிடாதேங்கோ."

புதியதில் போட்டுக் கேட்டேன். இரும்புச் சத்தம் இருந்தது, அண்ணையும் இருந்தார். பிறகு பழையதிலும் ஒருமுறை கேட்டேன்.